ஏது எங்கே? வையாபுரிப் பிள்ளை வழக்கின் மறுவிசாரணை

திருக்குறள் எப்போது எழுந்தது? தமிழ்நாட்டு அரசு பின்பற்றும் திருவள்ளுவர் ஆண்டின் கணக்குப்படி வள்ளுவர் பிறந்தது கி.மு. 31. எஸ். வையாபுரிப் பிள்ளையின் கணக்கில் நூலின் காலம் கி.பி. 600ஐ ஒட்டியது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் அதை கி.பி. 450க்கும் 500க்கும் இடையில் வைத்தார். பட்டிமன்றத்திலோ பல்கலைக்கழகக் கருத்தரங்கிலோ இவை மோதிக்கொண்டால், சமாதானம் செய்ய எழும் பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். "அது அவரவர் கருத்து, விடுங்கள்" என்பார். கைதட்டல் கிடைக்கும், எல்லோரும் காபி குடிக்கப் போவார்கள்.

ஆனால் அது கருத்து அல்ல. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், ஓலையில் எழுத்தாணியை வைத்திருக்கிறார். அந்தக் காலம் நமக்குத் தெரியாமலே போகலாம். ஆனால் நம் பெருமைக்காக அது முன்னே போகாது, நம் எதிரியின் பொறாமைக்காகப் பின்னே வராது. ஆறு நூற்றாண்டு வேறுபடும் இந்த விடைகளில் அதிகம் போனால் ஒன்றுதான் சரி. மற்றவை தவறு. எல்லாமே தவறாக இருக்கவும் இடமுண்டு. இதை ‘கருத்து’ என்று சொல்லி மூடிவைப்பது மரியாதை போலத் தோன்றினாலும், அது விசாரணையை நிறுத்திவிடும் தந்திரம்தான்.

மூன்று வகைப் பேச்சுகளை நாம் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்குகிறோம். ‘குறள் ஒப்பற்ற நூல்’ என்பது மதிப்பீடு. அதற்குக் காரணம் கேட்கலாம், காரணம் சொல்லலாம், கடைசியில் வாசித்தவரின் ரசனையும் அதில் கலந்திருக்கும். ‘குறள் இந்த நூற்றாண்டில் எழுந்தது’ என்பது மெய்யோ பொய்யோ ஆகக்கூடிய கூற்று. ‘இந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவோம்’ என்பது உடன்பாடு. திருவள்ளுவர் ஆண்டு மூன்றாவது வகை. கிறித்து ஆண்டோடு 31ஐக் கூட்டுகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிறித்து ஆண்டே கிறித்து பிறந்த ஆண்டைச் சரியாகக் குறிப்பதில்லை என்பதை வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது. அதற்காக யாரும் காலண்டரைக் கிழித்துப்போடவில்லை. தவறு வேறு இடத்தில் நேர்கிறது. உடன்பாடாகத் தொடங்கிய எண் பள்ளிப் பாடத்திலும் மேடையிலும் மெல்ல ‘கண்டுபிடிப்பு’ ஆகிவிடுகிறது.

வையாபுரிப் பிள்ளை (1891–1956) மாட்டிக்கொண்டது இந்தக் கலப்படத்தில்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த வழக்கறிஞர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பை 1926இல் ஏற்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த வேலையை 1936இல் முடித்துக்கொடுத்தவர். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவர். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பதில் உ.வே. சாமிநாதையருக்கு அடுத்து வைத்துப் பேசப்படுபவர். இவர் தொல்காப்பியத்தை கி.பி. 5ஆம் நூற்றாண்டிலும், குறளை அதற்குப் பின்னும், சிலப்பதிகாரத்தை கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியும் வைத்தபோது, தமிழுக்குத் துரோகி என்ற பட்டம் வந்து சேர்ந்தது. ‘இந்தக் கணக்கு தவறு, காரணம் இது’ என்று சொன்னவர்கள் சிலர். ‘இவன் ஏன் இப்படிச் சொல்கிறான்’ என்று கேட்டவர்கள் பலர்.

இந்த இரண்டாவது கேள்விக்கு எடையே இல்லை. ஆளின் உள்நோக்கம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், அவர் காட்டும் ஏது, அதாவது காரணம், உறுதியாக இருந்தால் முடிவு நிற்கும். உள்நோக்கம் பாலாக இருந்தும் ஏது ஓட்டையாக இருந்தால் முடிவு விழும். இதைச் சொல்ல மேற்கே போக வேண்டாம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது, திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்று வகை வகையாகக் காட்டுகிறார். சொன்னவன் எந்தக் கட்சி, எந்த ஊர் என்ற உறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

(வேடிக்கை என்னவென்றால், அந்தக் காதையே ஒரு கால ஆராய்ச்சிச் சான்று. அதன் தருக்கப் பகுதி திங்நாகர் மரபைச் சேர்ந்த ‘நியாயப்பிரவேசம்’ என்ற வடமொழி நூலோடு நெருங்கி ஒத்துப்போகிறது. அதனால் மணிமேகலையை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வைக்க விரும்புகிறவர்கள் இந்தக் காதையைக் கண்டால் கொஞ்சம் நெளிவார்கள்.)

சரி, பிள்ளையவர்களின் ஏதுக்களையே எடுத்து நிறுப்போம்.

அவருடைய முறையின் வலுவான பகுதி மொழிச் சான்று. ஒரு நூலாசிரியன் எதை மறைத்தாலும் தன் காலத்து இலக்கணத்தை மறைக்க முடியாது. ‘கள்’ என்ற பன்மை விகுதியைத் தொல்காப்பியம் அஃறிணைக்கே சொல்கிறது. குறளில் ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என்று ‘அர்’ விகுதியின் மேலேயே ‘கள்’ ஏறி உட்கார்ந்திருக்கிறது. இது ‘அவர்கள்’ என்று இன்று நாம் பேசும் தமிழை நோக்கி மொழி நகர்ந்துவிட்டதன் அடையாளம். சங்கத் தொகைகளின் பழைய அடுக்கில் இத்தகைய வடிவங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட வடிவங்கள் ஒரு நூலில் பலவாகச் சேரும்போது, அது பழைய அடுக்குக்குப் பிந்தியது என்ற முடிவு வலுக்கிறது. இந்த வாதத்தை ஏற்க வையாபுரிப் பிள்ளையைப் பிடிக்க வேண்டியதில்லை. குறளையும் குறுந்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை போதும். யார் பார்த்தாலும் அதே விகுதி அதே இடத்தில் இருக்கும். புறவயம் என்று நான் சொல்வது இவ்வளவுதான்: எனக்குப் பிடிக்காதவனும் போய்ச் சரிபார்க்கக்கூடியது.

கயவாகு விஷயத்திலும் பிள்ளையவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு வந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மகாவம்சத்தில் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒரு கஜபாகு ஆள்கிறான். ஆகவே சிலப்பதிகாரம் 2ஆம் நூற்றாண்டு என்றார்கள். 1904இல் வி. கனகசபைப் பிள்ளை எழுதிய நூலிலிருந்து இது ஏறக்குறைய வேதவாக்கு. ஆனால் மகாவம்சத்துக் கஜபாகு சேரநாட்டுக்கு வந்ததாகவோ, பத்தினி வழிபாட்டைக் கொண்டுபோனதாகவோ அந்த நூலில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும்கூட அதனால் நிறுவப்படுவது ஒன்றே ஒன்று: நூல் அந்த அரசனுக்கு முந்தியது அல்ல. எவ்வளவு பிந்தியது என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழிவர்மன் வருகிறான், அதனால் அது சோழர் காலத்து நூல் ஆகிவிடாது, அது 1950இல் கல்கியில் தொடங்கிய தொடர்கதைதான். கீழ் எல்லையைக் காட்டும் சான்றை மேல் எல்லைக்கும் சேர்த்துப் பயன்படுத்துவது சரியான ஏதுப்போலி.

இனி மறுபக்கம். வையாபுரிப் பிள்ளை வழுக்கிய இடங்கள் சின்ன இடங்கள் அல்ல.

தமிழ் நூலும் வடமொழி நூலும் ஒத்திருந்தால் தமிழ்தான் கடன் வாங்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதங்களில் பல இடங்களில் நிறுவப்படாத முற்கோளாக நிற்கிறது. குறளையும் மனு, கௌடில்யர், காமந்தகர் ஆகியோரையும் அவர் ஒப்பிட்டார். ஒப்புமைகளில் சில உண்மையானவை, மறுக்க முடியாதவை. ஆனால் ஒப்புமை இருக்கிறது என்பது ஒரு கூற்று, அது எந்தத் திசையில் போனது என்பது வேறொரு கூற்று, இரண்டுமே பொதுவான மூன்றாவது ஊற்றிலிருந்து எடுத்திருக்கலாம் என்பது இன்னொன்று. முதலாவதை நிறுவிவிட்டு மற்ற இரண்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. அந்த வடமொழி நூல்களின் காலங்களே இன்றுவரை தகராறில் இருக்கின்றன. ஆடுகிற முளையில் மாட்டைக் கட்டியது போலத்தான் இது.

வடசொல் மிகுந்தால் நூல் பிந்தியது என்ற அளவுகோலும் அப்படித்தான். மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்பவை; கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றை கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறார். தமிழில் கிடைக்கும் மிகப் பழைய கல்லெழுத்துகளில் அவையும் அடங்கும். அங்கேயே ‘தம்மம்’ இருக்கிறது, ‘நிகமம்’ இருக்கிறது. சமண முனிவருக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்த வணிகர் குழுவின் வாயில் பிராகிருதச் சொல் கி.மு.விலேயே சரளமாகப் புழங்குகிறது. அப்படியிருக்க, ஒரு நூலில் வடசொல் கிடப்பதை மட்டும் வைத்து அதை 6ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளினால் அது எப்படிச் செல்லும்? மொழிநடை, விகுதி, யாப்பு ஆகியவற்றோடு சேர்ந்தால் அது துணைச் சான்று. தனியாக நின்றால் ஒன்றுமில்லை.

சிலப்பதிகாரத்தை 8ஆம் நூற்றாண்டுக்கு இழுத்தது இன்று பெரும்பாலோர் ஏற்காத முடிவு. 5, 6ஆம் நூற்றாண்டுகளே இன்று அதிகம் பேசப்படுகின்றன. இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை பஞ்சாங்கக் கணிதத்தில் மேதை. மதுரை எரிந்த நாளைப் பற்றி நூலிலும் உரையிலும் வரும் திதி, நட்சத்திரக் குறிப்புகளை எடுத்துக் கணக்குப் போட்டார். கி.பி. 756 என்று விடை வந்தது. பரிபாடலின் 11ஆம் பாட்டில் வரும் கோள் நிலைகளைக் கணக்கிட்டார், கி.பி. 634, ஜூன் 17 என்று வந்தது. நாள் முதற்கொண்டு! இதைவிடப் புறவயமாக என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கணக்கில் பிழையில்லாமலே விடை பிழையாகலாம். கவிஞன் வானத்தைப் பார்த்துத்தான் எழுதினான், மழைக்கு உகந்த கோள்நிலை என்று மரபு சொன்னதை எழுதவில்லை என்ற ஊகம் அந்தக் கணக்கின் அடியில் கிடக்கிறது. உரைகாரர் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பதும் கிடக்கிறது. ஊகத்தைக் கணித இயந்திரத்தில் போட்டு அரைத்தால் தசமத் துல்லியத்தோடு ஊகமே வெளியே வரும். எண்ணைக் கண்டவுடன் வணங்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. கீழடிக்கு வரும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

எதிர்த்தரப்பில் கனமானவர் தேவநேயப் பாவாணர். சொற்பிறப்பியலில் உழைப்பும் கூர்மையும் உள்ளவர். பேரகராதியின் குறைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். ஒரு பணியை அதன் பக்கங்களுக்குள்ளேயே போய் மறுப்பதுதான் நேரான வழி. ஆனால் அவருடைய பெருங்கோட்பாடு, மாந்தன் தோன்றியதே குமரிக் கண்டத்தில், உலக முதன்மொழி தமிழே என்பது. எந்தச் சான்று கிடைத்தால் அதைக் கைவிடுவார் என்று கேட்டால் பதில் கிடையாது. கடலடித் தரையில் நிலவியலாளர்கள் அப்படியொரு கண்டத்தைக் காணவில்லை என்றாலும் கோட்பாடு அசையாது. வையாபுரிப் பிள்ளையின் தேதிகளைக் கவிழ்க்க ஒரு கல்வெட்டு போதும். பாவாணரின் கண்டத்தைக் கவிழ்க்க எதுவும் போதாது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே, பல தேதிகளில் தவறிய பிள்ளையவர்களை நான் ஆய்வாளர் வரிசையில் வைக்கிறேன்; அந்தக் கோட்பாட்டை அந்த வரிசையில் வைக்க முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். சங்க இலக்கியத்தின் தொன்மை பற்றித் தமிழ்ப்பற்றாளர்கள் சொன்னதல்லவா கடைசியில் உறுதிப்பட்டது? ஓரளவுக்கு ஆம். ஆனால் உறுதிப்பட்ட விதத்தைப் பாருங்கள். கரூருக்கு அருகே புகளூர்க் குன்றில் ஒரு கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேரரைச் சொல்கிறது: ஆதன் சேரல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்களோடு இந்த வரிசையை அறிஞர்கள் பொருத்தினார்கள். 1981இல் திருக்கோவலூர் வட்டாரத்து ஜம்பையில் கிடைத்த ஒற்றை வரிக் கல்வெட்டு, சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி பெயரைச் சொன்னது. ஔவை பாடிய அதியமான். அசோகரின் கல்வெட்டு குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்று பல காலம் நடந்த சண்டையும் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.

இதன் பயன் 20 ஆண்டு கழித்துத் தெரிந்தது. டச்சு அறிஞர் ஹெர்மன் டீக்கன் 2001இல் வெளியிட்ட நூலில், சங்கப் பாட்டுகளே 8, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அவையில் பழமை தொனிக்கச் செய்யப்பட்டவை என்றார். வையாபுரிப் பிள்ளையே மிதவாதி ஆகிவிட்டார்! இதற்கு ‘தமிழ்ப் பகை’ என்பது பதில் ஆகாது. 8ஆம் நூற்றாண்டுப் புலவனுக்கு, யாரும் படிக்க முடியாமல் போயிருந்த பழைய எழுத்தில் குகைக்குள் கிடந்த அரசப் பெயர்கள் எப்படித் தெரிந்தன என்று கேட்பதுதான் பதில். அந்தக் கேள்வியைத் தாங்கும் வலு டீக்கனின் கோட்பாட்டுக்கு இல்லை.

ஜம்பைக் கல்வெட்டைப் படித்து வெளியிட்டவர் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி. அவரே பிற்காலத்தில் குறளை வடமொழிச் சாத்திரங்களின் சாரமாகக் காட்டும் நூலை எழுதித் தமிழறிஞர்களின் கோபத்துக்கு ஆளானார். ஆளைப் பார்த்துத் தீர்ப்பெழுதுகிறவர்கள் இப்போது என்ன செய்வார்கள்? ஜம்பையைத் திருப்பிக் கொடுப்பார்களா, குறள் நூலை ஏற்பார்களா? அதியமானின் வரி நிற்கும், ஏனெனில் அது கல்லில் இருக்கிறது. சாத்திர வாதம் தன் ஏதுக்களைக் கொண்டு தனியே நிற்கட்டும் அல்லது விழட்டும்.

அதே கல்வெட்டியல், பிள்ளையவர்களுக்கும் கொஞ்சம் கைகொடுக்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. மகாதேவன் வகுத்த எழுத்து வளர்ச்சி வரிசையில் புள்ளி கடைசிக் கட்டத்தில், கி.பி. நூற்றாண்டுகளில்தான் வருகிறது. அந்த வரிசை நிலைத்தால் தொல்காப்பியத்தை கி.மு.வில் வைப்பது கடினம். 5ஆம் நூற்றாண்டு என்பதும் இதனால் மட்டும் நிறுவப்படாது; ஆனால் வழக்கு அவர் பக்கம் சற்றே சாய்கிறது. பழைய கல்வெட்டு கிடைத்தபோது கொண்டாடியவர்கள் இந்தப் புள்ளியையும் அதே கையால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கீழடி அகழாய்வு இந்த வழக்கின் இன்றைய அமர்வு. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் கி.மு. 580 என்ற காலத்தைப் பெற்றது. பெரிய செய்தி. சங்ககால நகர வாழ்வு கற்பனை என்ற பேச்சு இதோடு முடிந்தது. எழுத்துக் கீறிய பானையோடுகளும், செங்கல் கட்டுமானமும் கண்ணெதிரே இருக்கின்றன. ஆனால் அந்த எண் கரித்துண்டின் வயது. புறநானூற்றின் வயது அல்ல, தமிழ் மொழியின் வயதும் அல்ல. இன்னொன்றையும் மேடையில் யாரும் சொல்வதில்லை: ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரையிலான காலத்துக்குக் கதிரியக்கக் கரிமத்தின் அளவுத்திருத்த வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து மாதிரிகளுக்கு எங்கிருந்து எடுத்தாலும் அகலமான இடைவெளிதான் விடையாக வரும். 580 என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது சாமிக்கண்ணுப் பிள்ளையின் ஜூன் 17ஐ நினைவூட்டுகிறது.

மறுதரப்பின் நடத்தை இதைவிட மோசம். கீழடியின் முதல் இரு கட்ட அகழாய்வை நடத்திய கே. அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம், காலவரையறைகளைத் திருத்தித் தரும்படி அறிக்கை அவரிடமே திரும்பியது. மண்ணடுக்குகளையும் கரிமச் சோதனையையும் வைத்தே வரையறுத்தேன் என்று அவர் மறுத்தார். அதற்கடுத்த மாதம் மத்திய அமைச்சர் இன்னும் அறிவியல் சான்று வேண்டும் என்றார். சான்று கேட்பது தவறே இல்லை. எல்லா அகழாய்வுக்கும் அதே தராசைப் பிடித்தால். ஆனால் அறிக்கையை அச்சேற்றாமல் வைத்துக்கொண்டு அதன் முடிவைச் சந்தேகிப்பது, எதிர்வழக்காடுபவரின் ஆவணத்தைப் பூட்டிவிட்டு ‘ஆதாரம் எங்கே’ என்று கேட்பதாகும். பாவாணரின் குமரிக் கண்டத்தைச் சரிபார்க்க முடியாததற்குக் காரணம் கடல். இந்த அறிக்கையைச் சரிபார்க்க முடியாததற்குக் காரணம் ஓர் அலுவலகம்.

தீர்ப்புக்கு வருகிறேன். குறளுக்கு கி.மு. 31 என்பதற்கு ஏது ஒன்றும் இல்லை. உடன்பாட்டு ஆண்டாக அது இருந்துவிட்டுப் போகட்டும். கி.பி. 600 என்பது சற்றுப் பிந்திய எல்லை. விகுதிகள் காட்டுவது சங்கத்துக்குப் பிந்திய காலத்தை மட்டுமே, குறிப்பிட்ட நூற்றாண்டை அல்ல. சிலப்பதிகாரத்தில் பிள்ளையவர்கள் தோற்றார். கயவாகுவில் வென்றார். தொல்காப்பியம் இன்னும் நிலுவையில். சங்கப் பாட்டுகள் பழையவை என்று வெறும் பற்றினால் சொன்னவர்களுக்கு, பின்னால் கிடைத்த கல்வெட்டுகளின் பெயரால் பாராட்டுப் பத்திரம் தர மாட்டேன். அந்தப் பெருமை குகைகளில் ஏறிப் படியெடுத்தவர்களுக்கும் அவற்றைப் படித்தவர்களுக்கும் உரியது. கம்பனை 9ஆம் நூற்றாண்டில் வைப்பவர்களும் 12ஆம் நூற்றாண்டில் வைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். முந்நூறு ஆண்டு வேறுபாட்டுக்காக யாரும் யாரையும் துரோகி என்றதில்லை, கம்பனின் ஓர் எழுத்தும் மங்கவில்லை. வள்ளுவரையும் இளங்கோவையும் அப்படி விசாரிக்க நமக்கு என்ன தடை?

இரண்டு அரசுகளும் செய்யக்கூடியது எளிய காரியம். மாநிலத் துறை தன் கரிமத் தேதிகளை ஒற்றை எண்ணாக அறிவிக்காமல் முழு இடைவெளியோடும், மாதிரி எடுத்த குழி, அடுக்கு விவரத்தோடும் வெளியிடட்டும். மத்தியத் துறை அந்த 982 பக்கங்களையும் ஒரு வரி திருத்தாமல் அச்சிட்டு, தன் ஆட்சேபங்களைத் தனி நூலாகப் பக்கத்திலேயே போடட்டும்.